மலையில் பழைய மானிட்டர் மங்கினால்: நேரம் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஏழெட்டு வருடம் ஓடிய மானிட்டரில் படம் மங்கினாலோ நிறம் மாறினாலோ, "பேனல் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்ற பதில்தான் சட்டென்று கிடைக்கும். அவசரப்பட வேண்டாம். மலையில் பழைய மானிட்டரைப் படுத்துவது குளிரும் ஈரமும். இவை முதலில் பிடிக்கும் இடம் பேனல் (படம் தெரியும் திரைத் தகடு) அல்ல. கேபிள் முனை, பவர் போர்டில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர், திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் ஆகிய மூன்றும்தான். மூன்றையுமே சரிசெய்யலாம். முதல் இரண்டுக்குப் பொதுவாகச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

எதில் கோளாறு என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கோளாறு எந்த நேரத்தில் வருகிறது, எந்த நேரத்தில் போகிறது என்பதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சமவெளியில் காலைக்கும் மதியத்துக்கும் அறைச் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. இங்கே அது பெரிது. அந்த வித்தியாசமே கோளாறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு மூன்று நாள் குறித்து வையுங்கள்

ஒரு தாளில் நான்கு விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: மானிட்டரைப் போட்ட நேரம், அறை குளிராக இருந்ததா, வெளியே மேகம் இறங்கியிருந்ததா, எத்தனை நிமிடத்தில் படம் கெட்டது அல்லது சரியானது.

காலையில் மோசமாக இருந்து, ஓடஓடச் சரியாகிவிட்டால் குளிர் சம்பந்தப்பட்ட கோளாறு. கெபாசிட்டரையோ பேக்லைட் குழாயையோ சந்தேகிக்கலாம். போட்டவுடன் நன்றாக இருந்து, சூடேறிய பிறகு கெட்டால் போர்டில் சால்டர் (ஈயப் பற்று) விரிசல், சூடாகும் ஐசி (சிப்), பேனலுக்குப் போகும் கேபிளின் தளர்ச்சி என்று பார்க்க வேண்டும். மழைநாளிலும் மூடுபனி நாளிலும் மட்டும் வந்தால் கேபிள் முனையில் பச்சை பூத்திருக்கும், அல்லது உள்ளே படிந்த தூசி ஈரம் குடித்திருக்கும். எந்த நேரமும் ஒரே மாதிரி இருந்தால் கணினியின் அமைப்பையும் டிரைவரையும் (திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருள்) முதலில் பாருங்கள். பேனலைக் கடைசியில் பார்க்கலாம்.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் மானிட்டரைப் போட்டால், மௌஸை நகர்த்தும்போது பின்னால் நிழல் இழுத்துக்கொண்டு வரும். பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால் எழுத்து கலங்கும். இது கோளாறே அல்ல. எல்சிடி திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் குளிரில் மெதுவாகத்தான் திரும்பும். மானிட்டர்களின் இயங்கு வெப்பநிலை பொதுவாக 0 அல்லது 5 டிகிரியில்தான் தொடங்குகிறது. அந்த விளிம்பை ஒட்டி ஓடும்போது இப்படித்தான் இருக்கும். பதினைந்து இருபது நிமிடத்தில் தானே சரியாகிவிடும். இதற்காக எதையும் கழற்றாதீர்கள்.

கழற்றாமல் செய்யும் மூன்று சோதனைகள்

1. மானிட்டரில் இருக்கும் மெனு பட்டனை அழுத்துங்கள். திரையில் வரும் மெனுவை மானிட்டர் தானே வரைகிறது; கணினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மெனு பளிச்சென்று கூர்மையாகத் தெரிந்து, பின்னால் இருக்கும் படம் மட்டும் கலங்கியிருந்தால் கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ கணினியிலோதான். மெனுவும் சேர்ந்தே மங்கியோ நிறம் மாறியோ இருந்தால் கோளாறு மானிட்டருக்குள்.

2. கணினியில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொபைலுக்கு அனுப்பிப் பாருங்கள். மொபைலிலும் அதே கோடும் அதே புள்ளியும் தெரிந்தால் பெரும்பாலும் டிரைவரோ மென்பொருளோதான் காரணம். ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்தால் கோளாறு அதற்கு அப்பால், அதாவது கிராஃபிக்ஸ் வெளியீடு, கேபிள், மானிட்டர் இந்த மூன்றில் ஒன்றில்.

3. வேறு கேபிள், முடிந்தால் வேறு கணினி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும்.

அமைப்பில் இருக்கும் சிக்கல்கள்

எல்சிடி மானிட்டருக்கு ஒரே ஒரு ரெசல்யூஷன்தான் (அகலம், உயரத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) சொந்தம். மற்ற எதைக் கொடுத்தாலும் அது இழுத்துப் பூசித்தான் காட்டும். எழுத்து ஓரங்கள் சாம்பல் அடிக்கும். 15 அங்குலச் சதுர மானிட்டருக்கு 1024×768, 17 மற்றும் 19 அங்குலச் சதுர மானிட்டர்களுக்கு 1280×1024, 19 அங்குல அகல மானிட்டருக்குப் பெரும்பாலும் 1440×900, 18.5 அங்குலத்துக்கு 1366×768, 20 அங்குல அகலத்துக்குப் பெரும்பாலும் 1600×900, 21.5 அங்குலத்துக்கு 1920×1080. 18.5 அங்குல மானிட்டரில்தான் ஏமாற்றம் அதிகம். பழைய கிராஃபிக்ஸ் டிரைவர்கள் 1366-க்குப் பதில் 1360×768 என்று கொடுத்துவிடும். ஆறு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் திரை முழுக்க ஆங்காங்கே எழுத்து தடித்தும் மெலிந்தும் தெரிவதற்கு அந்த ஆறு புள்ளியே போதும். ரெஃப்ரெஷ் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது) 60 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். விஜிஏ (நீல முனைக் கேபிள்) இணைப்பில் 75 வைத்தால் பழைய கேபிள்களில் படம் கலங்கும்.

விண்டோஸ் புதுப்பித்தலுக்குப் பிறகு திடீரென்று படம் கெட்டால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சரியான டிரைவர் கழன்றுவிட்டது என்று அர்த்தம். திரை மஞ்சளடித்தால் நைட் லைட் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பேக்லைட்டைக் குறை சொல்லுங்கள். எச்டிஎம்ஐ வழியாக இணைத்த மானிட்டரில் கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிந்தால், கிராஃபிக்ஸ் அமைப்பில் வண்ண வீச்சு 'லிமிடெட்' என்று இருக்கும். அதை 'ஃபுல்' ஆக்கினால் கறுப்பு திரும்பிவிடும்.

மானிட்டர் மெனுவில் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பிறகு எக்கோ மோடு, டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணைத்துவிட்டு, வண்ண வெப்பநிலையை 6500 அல்லது 'வார்ம்' பக்கம் வையுங்கள். படம் மங்கலாக இருக்கிறதே என்று கான்ட்ராஸ்ட்டை 100-க்கு ஏற்றுபவர்கள் பலர். அது வெளிச்சத்தைக் கூட்டாது. வெளிர் நிறங்களின் வித்தியாசத்தைத்தான் அழிக்கும். வெளிச்சத்துக்கு பிரைட்னஸ் மட்டுமே.

விஜிஏ கேபிள்

நீல முனையுள்ள பதினைந்து ஊசிக் கேபிள் இன்னும் ஏராளமான எஸ்டேட் அலுவலகங்களிலும் கடைகளிலும் ஓடுகிறது. இதில் வருவது அனலாக் சிக்னல். முனையில் ஊறிய ஈரம் அப்படியே படத்தில் தெரியும்.

நிறமே துப்பு கொடுக்கும். சிவப்புக் கம்பி (1-ஆம் ஊசி) தொடர்பு விட்டால் திரை பச்சைநீலமாகும். பச்சை (2) விட்டால் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம் அடிக்கும். நீலம் (3) விட்டால் மஞ்சளாகும். முனையை லேசாக அசைத்தால் நிறம் வந்து வந்து போகிறதா? அப்படியானால் மானிட்டரைத் திறக்க வேண்டியதே இல்லை.

கேபிளைக் கழற்றி ஊசிகளை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்த ஊசியைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் மெதுவாக நிமிர்த்தலாம். பல கேபிள்களில் நடு வரிசையில் ஒரு ஊசி இருக்காது. 9-ஆம் ஊசியை விட்டுவிட்டே செய்திருப்பார்கள், உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஊசியின் அடியில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், பழைய டூத்பிரஷ்ஷில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, பத்து நிமிடம் உலரவிட்டுச் செருகுங்கள். மானிட்டர் பக்கத்துச் சாக்கெட்டுக்கும் கணினி பக்கத்துக்கும் இதேதான். இருபுறத் திருகுகளையும் விரலால் இறுக்குங்கள். தளர்ந்த முனைக்குள்தான் மூடுபனி ஈரம் புகுந்து தங்கும்.

பிறகு மானிட்டர் மெனுவில் ஆட்டோ அட்ஜஸ்ட், அதாவது படத்தை மானிட்டரே திரைக்குப் பொருத்திக்கொள்ளும் வசதி. திரையில் கறுப்பு டெஸ்க்டாப் இருக்கும்போது இதை அழுத்தினால் மானிட்டருக்குப் படத்தின் ஓரம் எங்கே என்று தெரியாது. வெள்ளைப் பக்கத்தில் சிறிய எழுத்துகள் நிறைந்த ஆவணம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு அழுத்துங்கள். அப்படியும் செங்குத்துப் பட்டைகளாக எழுத்து கலங்கியிருந்தால் மெனுவில் 'க்ளாக்' எண்ணை ஒவ்வொன்றாக மாற்றி, பட்டைகள் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். எழுத்து ஓரங்கள் நடுங்கினால் 'ஃபேஸ்' எண்ணை மாற்றுங்கள். முதலில் க்ளாக், பிறகு ஃபேஸ். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

எழுத்துக்கு வலப்புறம் மங்கலான இரட்டை நிழல் தெரிந்தால் கேபிள் நீளமானது அல்லது மட்டமானது. இரண்டு முனையிலும் தடித்த ஃபெரைட் உருண்டை உள்ள 1.5 அல்லது 1.8 மீட்டர் கேபிள் வாங்குங்கள். மானிட்டரில் டிவிஐ சாக்கெட் இருந்தால் எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்குப் போகும் கேபிள் போட்டுவிடுவது இன்னும் நல்லது. விஜிஏ தொல்லை மொத்தமும் ஒழியும். புதிய கணினியின் எச்டிஎம்ஐயைப் பழைய மானிட்டரின் விஜிஏவாக மாற்றும் கன்வெர்ட்டர் போட்டிருந்தால், தனி யூஎஸ்பி மின்சாரம் எடுக்கும் வகையே நம்பத்தக்கது. மற்றவை எச்டிஎம்ஐ சாக்கெட் தரும் கொஞ்ச மின்சாரத்தில் திணறும்.

திரையில் மங்கலான ஒரு கிடைப்பட்டை கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ மெதுவாக ஊர்ந்தால் எர்த் பிரச்சினை. கணினியும் மானிட்டரும் வேறு வேறு சுவர் பாயின்டில் இருக்கும். இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் வழக்கம் பழைய காட்டேஜ்களில் உண்டு, அதை விட்டுவிடுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும், தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

வெளிச்சம் குறைவது: பேக்லைட்

2010-க்கு முன்பு வந்த எல்சிடி மானிட்டர்கள் பெரும்பாலானவற்றில் வெளிச்சம் கொடுப்பது சிசிஎஃப்எல் என்ற மெல்லிய ஃப்ளூரசன்ட் குழாய். அதன் பிறகு எல்இடி பட்டை. எது உள்ளது என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு முடிவெடுக்க வேண்டும். பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை இணையத்தில் தேடினால் தெரிந்துவிடும்.

சிசிஎஃப்எல் குழாயின் ஆயுள் 30,000 முதல் 50,000 மணி நேரம் என்று சொல்வார்கள். அது அணைந்துபோகும் கணக்கு அல்ல, வெளிச்சம் பாதியாகும் கணக்கு. எஸ்டேட் அலுவலகத்தில் நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 2,400 மணி. பத்து வருடத்தில்கூட 24,000 தான். ஆனால் தங்கும் விடுதி வரவேற்பறையில் சிசிடிவிக்காக இரவு பகலாக எரியும் மானிட்டர் ஒரு வருடத்தில் 8,760 மணியைத் தின்றுவிடும். நான்கே வருடத்தில் 35,000. ஆகவே மானிட்டரின் வயதைக் கேட்காதீர்கள், ஓடிய மணியைக் கேளுங்கள்.

குழாய் வயதானால் தெரியும் அடையாளங்கள்: போட்டவுடன் திரை இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், மெதுவாக வெளுக்கும். குளிர்ந்த குழாயில் பாதரச ஆவி போதுமான அளவு எழாததே இதற்குக் காரணம். நல்ல குழாய்கூட ஊட்டிக் காலையில் முழு வெளிச்சத்துக்கு வர நேரம் எடுக்கும். அரை மணி கொடுங்கள். அரை மணிக்குப் பிறகும் சிவப்பு போகவில்லை, பிரைட்னஸ் 100-இல் வைத்தும் மங்கல் என்றால் குழாய் முடிந்தது. திரையின் மூலைகளில் மட்டும் இருட்டு இருந்தால், டியூப்லைட் முனை கறுப்பதைப் போலவே குழாய் முனைகள் கறுத்திருக்கும்.

இன்னொரு அடையாளம் மிக முக்கியம். போட்டவுடன் படம் இரண்டு விநாடி தெரிந்து இருண்டுவிடுகிறது. பவர் விளக்கு மட்டும் எரிகிறது. இருட்டறையில் திரைமேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே படம் மங்கலாக ஓடுவது தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் நலம். குழாயோ அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் பகுதியோ பழுது. ஒரு குழாய் செத்தால்கூடப் பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் அணைத்துவிடும். குளிர்காலத்தில் மட்டும் இப்படி ஆனால், பிரைட்னஸை மிகக் குறைவாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். குளிர்ந்த பழைய குழாய் குறைந்த மின்னோட்டத்தில் நிலையாக எரியாது. காலையில் 80-க்கு மேல் வைத்துத் தொடங்கி, சூடேறிய பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

இன்வெர்ட்டர் பகுதியில் ஓடும்போதே சில நூறு முதல் ஆயிரம் வோல்ட் வரை இருக்கும். பற்றவைக்கும் கணத்தில் அதைவிட அதிகம். மலை உயரத்துக்கு இதில் ஒரு பங்குண்டு. ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. மெலிந்த காற்றில் உயர் மின்னழுத்தம் எளிதாகத் தாவும். ஈரத் தூசியும் படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மானிட்டரின் பின்பக்கம் 'ஸ்ஸ்' என்ற சத்தமும், வெல்டிங் பட்டறையில் வருவது போன்ற காரமான வாசனையும் வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

குழாய்க்குக் குழாயே தேடி அலைய வேண்டாம். இப்போது எல்இடி மாற்றுப் பட்டை கிட் கிடைக்கிறது: இரண்டு பட்டை, ஒரு சிறிய டிரைவர் போர்டு, ஒரு ஒயர். சென்னை ரிச்சி தெருவில் அல்லது இணையத்தில் வாங்கலாம். பொருத்தும் முறை (திறக்கும் முன், கீழே கெபாசிட்டர் பகுதியில் உள்ள பாதுகாப்புக் குறிப்பைப் படித்துவிடுங்கள்):

1. பழைய குழாயின் நீளத்தை அளக்கவும். 17 அங்குலச் சதுரத் திரையின் அகலம் சுமார் 338 மில்லிமீட்டர், 19 அங்குலத்துக்கு 376, 18.5 அங்குல அகலத் திரைக்கு 410. பட்டையை அதில் வெட்டுக்குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்டவும். பெரும்பாலும் மூன்று மூன்று எல்இடிக்கு ஒரு குறி இருக்கும்.

2. வெயில் அடிக்கும் நாளில், காலை 11 முதல் மாலை 3 மணிக்குள் பேனலைத் திறக்கவும். மேகம் இறங்கிய நாளில் திறந்தால் அந்த ஈரத்தையும் உள்ளே வைத்து மூடிவிடுவீர்கள்.

3. சில பேனல்களில் குழாய்ப் பிடியைப் பக்கவாட்டில் உருவி எடுத்துவிடலாம். சிலவற்றில் கண்ணாடியைத் தூக்க வேண்டும். அப்போது அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைக் கேபிள்களை மடக்கவே கூடாது. உள்ளிருக்கும் வெள்ளைத் தாள்களை எடுக்கும் வரிசையிலேயே அடுக்கி, ஒரு மூலையில் பென்சில் குறி போடுங்கள். கையுறை கட்டாயம், விரல் ரேகை பட்டால் அது திரையில் நிரந்தரக் கறை.

4. குழாயை உடைக்காமல் எடுக்கவும், உள்ளே சிறிதளவு பாதரசம் உண்டு. பழைய பிடிக்குள் பட்டையை ஒட்டவும்.

5. டிரைவர் போர்டின் நான்கு ஒயர்: மின்சாரம், எர்த், ஆன்-ஆஃப், வெளிச்ச அளவு. இவற்றை இன்வெர்ட்டருக்கு வரும் இணைப்பில் அதே பெயர் அச்சிட்ட புள்ளிகளில் சேர்க்கவும். கிட்டில் எழுதியிருக்கும் வோல்ட் எல்லைக்குள் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

6. பழைய இன்வெர்ட்டருக்குப் போகும் ஃப்யூஸை எடுத்துவிடவும். கிட்டுக்கான மின்சாரத்தை அந்த ஃப்யூஸுக்கு முன்னால் எடுத்தால் போதும்.

தொழிற்சாலையிலேயே எல்இடி போட்டு வந்த மானிட்டரில் வெளிச்சம் பட்டையாகப் போனால் ஒரு எல்இடியில் இணைப்பு அறுந்து அதன் வரிசை முழுவதும் அணைந்திருக்கும். பட்டை மாற்றுவதுதான் வழி.

காலையில் எழ மறுக்கும் மானிட்டர்: கெபாசிட்டர்

மலையில் மிக அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கோளாறு இது. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு மினுக்கும், படம் வராது. ஐந்து முறை போட்டு அணைத்தால் வரும். வந்த பிறகு நாள் முழுக்க ஓடும். மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. அல்லது படம் வந்து நடுங்கும், மெல்லிய அலை ஓடும், கால் மணியில் நின்றுவிடும்.

எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குள் இருப்பது ஈரமான ரசாயனம். பத்து டிகிரி சூடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அந்த வகையில் மலைக் குளிர் அதற்கு நல்லது. ஆனால் குளிரக் குளிர அதன் உள்தடை ஏறும். நல்ல கெபாசிட்டர் அதைத் தாங்கும். பாதி காய்ந்த கெபாசிட்டர் தாங்காது. சமவெளியில் இன்னும் ஒரு வருடம் சத்தமில்லாமல் ஓடியிருக்கக்கூடிய கெபாசிட்டர், இங்கே முதல் உறைபனியில் சொல்லிவிடுகிறது. சூடேறியதும் சரியாகிறது என்பதற்காக இரவு முழுக்க மானிட்டரை அணைக்காமல் விடுவது தீர்வு அல்ல. அது மிச்சமிருப்பதையும் காய்ச்சும்.

கழற்றும் முன் பாதுகாப்பு. பவர் போர்டில் இருக்கும் பெரிய 400 அல்லது 450 வோல்ட் கெபாசிட்டரில் 230 வோல்ட் மின்சாரம் சுமார் 325 வோல்ட்டாகச் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது நிற்கும். பத்து நிமிடம் காத்திருந்து, மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் பிளையரில் பிடித்து இரு முனையிலும் சில விநாடி வைத்து, மறுபடி அளக்கவும். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பொறி பறக்கவிடும் முறை வேண்டாம்.

திரையைப் பழைய பருத்திப் போர்வைமேல் கவிழ்த்து வைத்து, ஸ்டாண்டைக் கழற்றி, பின்புறத் திருகுகளை எடுத்து, கீழ் ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் கார்டைச் செருகிக் கிளிப்புகளை விடுவியுங்கள். பட்டன் பட்டைக்குப் போகும் ஒயர் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் போர்டின் இருபுறத்தையும் மொபைலில் படம் எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

தலை உப்பியது, அடியில் பழுப்பாகக் கசிந்தது இரண்டும் கண்ணுக்கே தெரியும். பார்க்க நன்றாக இருப்பதும் கெட்டிருக்கலாம். குறிப்பாக முதன்மைப் பக்கத்தில் (சுவர் மின்சாரம் வரும் பகுதி), கட்டுப்பாட்டு ஐசிக்குப் பக்கத்தில் இருக்கும் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் சின்னக் கெபாசிட்டர். ஐசி விழித்தெழத் தேவையான மின்சாரம் அதில்தான் சேர்கிறது. அது உப்பாமலே காய்ந்துவிடும். உப்பிய பெரியவற்றை மட்டும் மாற்றிவிட்டு, "மாற்றியும் காலையில் வரவில்லையே" என்று கைவிடப்பட்ட மானிட்டர்களில் இதையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

வாங்க வேண்டியவை: இரண்டாம் பக்கத்தில் (குறைந்த வோல்ட் வெளியேறும் பகுதி) வழக்கமாக இருக்கும் 470, 680, 1000 மைக்ரோஃபாரட், 16 அல்லது 25 வோல்ட் வகைகள், கூடவே அந்தச் சின்னது. மைக்ரோஃபாரட் அளவு அப்படியே இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவோ அடுத்த மேல் அளவோ இருக்கலாம். 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது) என்று கேட்டு வாங்குங்கள். விட்டத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் மானிட்டரின் மூடி மூடாமல் போகும். ஒன்று கெட்டிருந்தால் அந்தப் பக்கத்துக் கெபாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கோவைக்கோ மதுரைக்கோ இரண்டாம் முறை போய்வரும் பஸ் செலவு அவற்றின் விலையைவிட அதிகம்.

25 முதல் 40 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், உருகிய ஈயத்தை உறிஞ்சும் ஒரு சக்கர் போதும். ஒரு காலில் மூன்று நான்கு விநாடிக்கு மேல் சூடு வைத்தால் செம்புத் தடம் உரியும். உருகாவிட்டால் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கி உறிஞ்சுங்கள். கெபாசிட்டர் உடலில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். எடுத்த படத்தைப் பார்த்து அதே திசையில் வையுங்கள்; திருப்பி வைத்தால் வெடிக்கும்.

மாலை 6 முதல் 9 மணி வரை லோ வோல்ட்டேஜ் வரும்போது படம் நடுங்குகிறது என்று ஸ்டெபிலைசர் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான எல்சிடி மானிட்டர்களின் பவர் போர்டு 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கும். 180 வோல்ட்டுக்கு அது அசையவே கூடாது. அசைந்தால் அதுவும் பெரும்பாலும் கெபாசிட்டர் பலவீனம்தான்.

ஈரம், பூஞ்சை, புகை, தேயிலைத் தூசி

குளிர்ந்த அறையில் இருந்த மானிட்டரை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளேயும் வெளியேயும் வேர்க்கும். இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். திரைக்கு உள்ளே மேகம்போல வெண்திட்டு தெரிந்தால், பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் 200 கிராம் அளவு சிலிக்கா ஜெல்லுடன் இரண்டு நாள் மூடி வையுங்கள். கணப்புப் பக்கத்தில் வைத்து உலர்த்தாதீர்கள். திரையில் ஒளியை வடிகட்டும் போலரைசர் தாள் சூட்டில் சுருங்கினால் திரும்பாது. அரிசிக்குள் வைப்பதும் வேண்டாம், அரிசித் தூசி உள்ளே போகும். உலர்ந்த பிறகும் திட்டு இருந்தால் ஈரம் வெள்ளைத் தாள்களில் கறையாகிவிட்டது. பேனலைத் திறந்து தாள் மாற்றினால்தான் போகும்.

மிகப் பழைய திரைகளில் ஓரத்திலிருந்து பழுப்பும், புளித்த வினிகர் வாடையும் வந்தால் போலரைசரே சிதைகிறது. அதற்கு மருந்து இல்லை.

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் சலிக்கும் பக்கமிருந்து பறக்கும் மெல்லிய தேயிலைத் தூசி காற்றோட்டத் துளைகள் வழியாக உள்ளே படியும். அது ஈரம் குடிக்கும். பருவமழை நாளில் மட்டும் படம் குதிக்கிறது, மெனு தானாகத் திறக்கிறது என்றால் பட்டன் பட்டையிலும் போர்டிலும் இந்தத் தூசிதான். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன் மே மாதத்தில், உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, இன்வெர்ட்டர் பகுதியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

விறகடுப்புப் புகை திரையில் மஞ்சள் படலமாக ஒட்டும்; படம் மங்கியதாகவே தோன்றும். மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, நன்கு பிழிந்து, அணைத்து ஆறிய திரையில் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணி. திரைமேல் நேராகத் தெளித்தால் நீர் கீழ் ஓரத்தில் இறங்கி அங்கிருக்கும் இணைப்புகளை அரிக்கும். கையெட்டும் தூரத்தில் நீலகிரித் தைலம் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். பிசின் கறைக்கு அது அருமையானது. திரையின் பூச்சையும் பிளாஸ்டிக்கையும் அதே மாதிரி கரைக்கும்.

சீசன் இல்லாத மாதங்களில் பூட்டிக்கிடக்கும் காட்டேஜில் மானிட்டரை வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். அந்தச் சூடு ஈரத்தை விரட்டும்; கெபாசிட்டருக்கும் நல்லது.

கோடு விழுந்தால்

மேலிருந்து கீழாக ஒற்றை வண்ணக் கோடு என்றால் பேனல் ஓரத்து ஒட்டு விட்டிருக்கிறது. விளிம்பை அழுத்தினால் போய், விட்டால் வரும். வீட்டில் சரிசெய்ய முடியாது. ஆனால் படம் முழுவதும் நெகடிவ் போல மாறினால், நிறங்கள் திட்டுத் திட்டாக உடைந்தால், திரையே வெள்ளையானால், மெயின் போர்டிலிருந்து பேனலுக்குப் போகும் எல்விடிஎஸ் கேபிளைக் கழற்றி, முனையைத் துடைத்து, நேராகச் செருகிப் பாருங்கள். அடிக்கடி அது மட்டுமே காரணம்.

சிசிடிவி மானிட்டரில் கேமரா கட்டங்களின் நிழல் பதிந்திருந்தால் வெறும் வெள்ளைத் திரையைச் சில மணி நேரம் ஓடவிடுங்கள். புதிதாகப் பதிந்தது மறையும், வருடக்கணக்கில் பதிந்தது மறையாது.

பெட்டி போன்ற பழைய சிஆர்டி மானிட்டர் இன்னும் ஓடினால் மெனுவில் டீகாஸ் (திரையில் ஏறிய காந்தத்தை நீக்கும் வசதி) கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டு. திறக்க வேண்டாம்.

கீழே கொண்டுபோக வேண்டி வந்தால்

பேனல் மாற்றும் செலவு, ஓடும் நிலையில் உள்ள பழைய மானிட்டர் விலைக்கே வந்துவிடும். அதற்காக மலையிறங்க வேண்டாம். மெயின் போர்டோ இன்வெர்ட்டரோ என்றால் இறங்கலாம். ஸ்டாண்டைக் கழற்றி, திரைமேல் அதே அளவு அட்டை வைத்து, துணி சுற்றி, நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோங்கள். படுக்கவைத்து அதன்மேல் பை வைத்தால் கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடித் திரையில் அழுத்தத் தழும்பு விழும். மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ இறங்கியவுடன் பிரிக்காதீர்கள். குளிர்ந்த மானிட்டர்மேல் சமவெளியின் வெக்கைக் காற்று பட்டால் உடனே வேர்க்கும். கட்டியபடியே மூன்று மணி நேரம் வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் கொடுங்கள். கூடவே, நேரம் குறித்த அந்தத் தாளையும் கொடுங்கள். கீழே கடையின் சூட்டில் மானிட்டர் ஒழுங்காக ஓடிவிடும். "கோளாறே இல்லையே" என்று திருப்பித் தந்துவிடாமல் இருக்க, காலைக் குளிரில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். இயலுமானால் காலையில் எழ மறுப்பதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.